ஒரு பகிடிக்கு நயப்புரை

மண்டபம் சிரித்த சிரிப்பில், மேலே கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறிகளின் சத்தம் கேட்காமல் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை முற்பகல். நல்லூரில், கோயில் வீதியிலிருந்து சற்று உள்ளே தள்ளியிருக்கும் ஒரு மண்டபம். படம் காட்டுவதற்காக யன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டியிருந்தார்கள். துணி போதாமல் போன இடத்தில் யாரோ வீட்டுப் படுக்கைவிரிப்பைத் தொங்கவிட்டிருந்தார்கள். அதில் ஒரு பெரிய மயில். மயிலின் வயிற்றுக்குள்ளால் வெயில் உள்ளே வந்துகொண்டிருந்தது.

திரையில் ஒரு ரியூசன் கொட்டில். ஓலைக்கூரை, பொடியள் இருக்க நீட்டு வாங்குகள், கரும்பலகை. மாஸ்ரராக நடித்தவர் தொந்தியைத் தடவிக்கொண்டு பின் வாங்கைப் பார்க்கிறார். பதின்மூன்று, பதினாலு வயதுப் பொடியன் ஒருவனைக் கண்ணால் பொறுக்கி எடுக்கிறார். "டேய் தம்பி, தாள் அடிக்க வேணும், றோணியோ சுத்த ஆள் வேணும், வா" என்கிறார். பொடியன் திருதிருவென்று விழிக்கிறான். பின்னறைக் கதவு சாத்தப்படுகிறது. அந்த இடத்தில் கெட்டிமேளம் கொட்டியது.

கல்யாண வீட்டில் தாலி கட்டும்போது கொட்டுகிற அதே கெட்டிமேளம். சனம் விழுந்து விழுந்து சிரித்தது.

கதவு திறந்து பொடியன் வெளியே வருகிறான். கை இரண்டிலும் கறுப்பு மை. அழப்போகிற முகம். வாங்கில் இருந்த கூட்டாளிமார் ஒருவர் தோளை ஒருவர் இடித்துக்கொண்டு, "என்ன மச்சான், மை காஞ்சிட்டுதோ?" என்று கேட்கிறார்கள். மறுபடியும் சிரிப்பு. எனக்குப் பின்வரிசையில் ஒரு பெண் சிரித்துச் சிரித்துப் புரைக்கேறி இருமினார்.

பக்கத்தில் இருந்த குகன் முழங்கையால் என்னை இடித்தான். கனடாவிலிருந்து வந்து இந்தப் படத்தை எடுத்தவன் அவன். கதையும் அவனுடையதுதான்.

"எப்பிடி மச்சான், இந்த இடம்?" என்றான்.

படம் முடிந்ததும் மேடையேறிப் பேச வேண்டியவன் நான். அழைப்பிதழில் என் பெயருக்கு நேரே "நயப்புரை" என்று போட்டிருந்தார்கள்.

நயப்பது ஒரு தொழில்

யாழ்ப்பாணத்தில் ஒரு நிகழ்ச்சி என்றால் முதலில் மங்கல விளக்கேற்றல். பிறகு வரவேற்புரை, ஆசியுரை, தலைமையுரை, வாழ்த்துரை. அதற்குப் பிறகு நயப்புரை, ஏற்புரை, நன்றியுரை. இத்தனை உரைகளுக்கு நடுவில் புத்தகமோ படமோ எங்கேயாவது ஒளிந்திருக்கும்.

இதில் நயப்புரைகாரரின் வேலை பாராட்டுவது மட்டும். குறை சொல்லியே தீரவேண்டும் என்றால் "சிற்சில எழுத்துப் பிழைகளைத் தவிர்த்திருக்கலாம்" என்பது வரைக்கும் போகலாம். அதைத் தாண்டிப் போனவரை அடுத்த நிகழ்ச்சிக்கு யாரும் கூப்பிடமாட்டார்கள்.

தபாற்கந்தோரில் முத்திரை குத்திக்கொண்டிருந்த காலத்தில் என்னை ஒரு மேடைக்கும் யாரும் அழைத்ததில்லை. பத்திரிகையில் இந்தத் தொடர் வரத் தொடங்கிய பிறகுதான் எனக்கு இந்தத் தொழில் கிடைத்தது. பழங்கதை எழுதுகிற மனிதர், எதையும் இனிப்பாகச் சொல்லுவார் என்று ஒரு பெயர் வந்துவிட்டது. போன கிழமை மாரிகாலத்துக் கிணறு பற்றி எழுதியதற்குக்கூட இரண்டு பேர் தொலைபேசியில் அழைத்துக் கண் கலங்கியதாகச் சொன்னார்கள். இந்தக் கிழமை அவர்கள் அழைக்கமாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

குகன் கனடாவிலிருந்து தொலைபேசியில் கதைத்தபோது விபரமாக ஒன்றும் சொல்லவில்லை.

"எங்கடை ரியூசன் காலத்துக் கதை மச்சான். ஒரே பகிடி. நீதான் நயப்புரை. மாட்டன் எண்டு சொல்லக்கூடாது."

ஓம் என்றேன். வெளிநாட்டிலிருந்து வருகிற பழைய கூட்டாளிக்கு இல்லை என்று சொல்லும் வழக்கம் எங்கள் ஊரில் கிடையாது. சைக்கிள் காற்றுப் போன கதை, பெண்பிள்ளைகளின் வாங்கை எட்டிப் பார்த்து அடி வாங்கிய கதை என்று ஏதாவது இருக்கும் என்று நினைத்தேன். அந்தப் பின்னறைப் பக்கம் குகன் போவான் என்று கனவிலும் நினைக்கவில்லை. ஏனென்றால் அந்த அறையை எனக்குத் தெரிந்ததுபோல அவனுக்கும் தெரியும்.

நாங்கள் இருவரும் நாற்பது வருடத்துக்கு மேலாகக் கூட்டாளிகள். அதைப் பற்றி ஒரு நாளும் கதைத்ததில்லை.

அன்று காலை மண்டபத்துக்குள் வந்ததும் மேடையில் எங்கள் ரியூசன் மாஸ்ரரின் படத்தைப் பார்த்தேன். மாலை போட்டு, முன்னால் விளக்கு வைத்து, பக்கத்தில் ஒரு தட்டில் பூ வைத்திருந்தார்கள். குகனின் படம் அவருக்குச் சமர்ப்பணமாம். விருந்தினர் ஒவ்வொருவராகப் போய் மலர் தூவினார்கள். என் முறை வரும் நேரம் பார்த்து நான் கைத்தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டேன். மறுமுனையில் யாரும் இல்லை.

வரவேற்புரையில் ஒரு அறிவித்தலும் சொன்னார்கள். வருகிற வெள்ளிக்கிழமை படம் யூரியூப்பில் வருகிறது. இனி உலகம் முழுக்கப் பார்க்கலாம். கைதட்டல்.

கொட்டில்

மாஸ்ரரின் பெயரை எழுதப்போவதில்லை. ஆள் போய்ச் சேர்ந்துவிட்டார். பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்கள் எனக்கு ஒரு குற்றமும் செய்யவில்லை. கணக்கு மாஸ்ரர் என்று வைத்துக்கொள்வோம்.

நான் நீர்வேலியிலிருந்து சைக்கிளில் போய்ப் புதிதாகச் சேர்ந்தவன். மற்றவர்கள் பெரும்பாலும் பட்டணத்துப் பொடியள். என்னைக் கொண்டுபோய் விட்ட நாளில் அப்பா எங்கள் தோட்டத்துக் கப்பல் வாழைக்குலை ஒன்றைச் சாக்கில் சுற்றி எடுத்துவந்தார். மாஸ்ரருக்கு முன்னால் தோளிலிருந்த சால்வையை எடுத்துக் கமக்கட்டுக்குள் வைத்துக்கொண்டு, "அடிச்சாலும் பரவாயில்லை சேர். பிள்ளை படிச்சால் எனக்குக் காணும்" என்றார். மாஸ்ரர் என் தலையைத் தடவினார்.

அந்தக் காலத்தில் கணக்குத் தாள்களை அச்சடிக்க றோணியோ என்று ஒரு இயந்திரம் இருந்தது. மெழுகுத்தாளில் எழுதி அதன் உருளையில் மாட்டி, மை ஊற்றி, கைபிடியைச் சுற்றினால் ஒவ்வொரு தாளாக அச்சாகி விழும். மின்சாரம் தேவையில்லை, கைதான் தேவை. அந்த மை லேசில் காயாது. தாளிலும் காயாது, கையிலும் காயாது. சவர்க்காரம் போட்டுத் தேய்த்தாலும் நகக்கண்ணில் இரண்டு நாளைக்கு இருக்கும்.

கொட்டிலின் பின்னறையில் அந்த இயந்திரம் இருந்தது. கிழமையில் ஒரு தடவையோ இரண்டு தடவையோ மாஸ்ரர் ஒரு பொடியனைக் கூப்பிடுவார். போனவன் வெளியே வரும்போது மற்றவர்கள் அவன் கையைப் பார்ப்பார்கள். யாராவது ஒருவன் கேட்பான், மை காஞ்சிட்டுதோ என்று. எல்லோரும் சிரிப்பார்கள்.

எனக்கு அந்தப் பகிடி விளங்கவில்லை. பக்கத்தில் இருந்த குகனிடம் கேட்டேன். அவன் வல்வெட்டித்துறைப் பொடியன். படிப்புக்காக நல்லூரில் மாமி வீட்டில் நின்றான்.

"அது போகப் போக விளங்கும்" என்றான்.

விளங்கிய நாளைப் பற்றி இவ்வளவுதான் எழுதுவேன். நான் கைபிடியைச் சுற்றிக்கொண்டிருந்தேன். நிற்பாட்டாதே என்று அவர் சொன்னார். வெளியில் இருக்கிறவர்களுக்கு இயந்திரத்தின் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். தாள்கள் விழுந்துகொண்டிருந்தன. நான் தாள்களையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

வெளியே வந்தபோது கேட்டார்கள். மை காஞ்சிட்டுதோ. எல்லோரும் சிரித்தார்கள். அப்படிச் சிரித்தவர்களில் பாதிப்பேர் ஏற்கெனவே அந்த அறைக்குள் போய்வந்தவர்கள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நானும் சிரித்தேன். பதினாலு வயதுப் பொடியனுக்கு அழுவதைவிட அது சுகம்.

பல்கலைக்கழகத்தில் மூத்த மாணவர்கள் புதிதாக வருகிறவர்களைப் படுத்துகிற பாட்டுக்கு எங்கள் நாட்டுப் பத்திரிகைகளில் பகிடிவதை என்று பெயர். நான் முத்திரை குத்திய காலத்திலும் அந்தச் சொல்லைப் பார்த்தேன், இப்போதும் பார்க்கிறேன். வதைக்கு முன்னால் பகிடியைக் கட்டிவிட்டு நிம்மதியாக இருக்கிற ஊர் இது. யாராவது செத்துப்போனால் மட்டும் அந்தச் சொல்லில் பின்பாதி கொஞ்சக்காலம் கண்ணுக்குத் தெரியும்.

அப்பா சிரித்த நாள்

அப்பாவிடம் சொல்லிவிடுவது என்று ஒரு பின்னேரம் முடிவெடுத்தேன். மழை விட்டிருந்தது. வீதியெல்லாம் தண்ணீர்.

நல்லூரிலிருந்து நீர்வேலிக்குச் சைக்கிள் மிதிக்கும் நேரத்தில் ஒரு வசனத்தைத் தயார் பண்ணினேன். கல்வியங்காடு தாண்டும்போது அது நீளமாக இருந்தது. இருபாலையில் கொஞ்சம் வெட்டினேன். கோப்பாய்ச் சந்திக்கு வந்தபோது ஒரே மூச்சில் சொல்லிவிடக்கூடிய அளவுக்கு வந்துவிட்டது. வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

வீட்டில் அப்பா இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் வெளிநாட்டிலிருந்து வந்திருந்தார். தொலைக்காட்சிப் பெட்டியும் வீடியோ டெக்கும் அவர் வீட்டு முற்றத்து மேசையில் இருந்தன. எங்கள் ஒழுங்கைக்கு அப்போது மின்சாரம் வரவில்லை. வாடகைக்கு எடுத்த ஜெனரேற்றர் ஒன்று வேலியோரம் நின்று கத்திக்கொண்டிருந்தது. ஊரே பாயில் உட்கார்ந்து படம் பார்த்துக்கொண்டிருந்தது.

அப்பா சிரிக்காத மனிதர். தோட்டத்தில் காற்று அடித்து வாழை விழுந்தாலும், குலைக்கு நல்ல விலை வந்தாலும் ஒரே முகம்தான். அன்றைக்கு அந்த மனிதர் சால்வையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

திரையில் பெரிய மீசைக்காரர் ஒருவர் வேலைக்காரப் பொடியன் ஒருவனை வீடு முழுக்கத் துரத்திக்கொண்டிருந்தார். எதற்குத் துரத்துகிறார் என்று எல்லோருக்கும் விளங்கியது. பொடியன் கட்டிலுக்குக் கீழே ஒளிக்கிறான், அலுமாரிக்குப் பின்னால் ஒளிக்கிறான். பின்னணியில் குதியாட்டம் போடுகிற ஒரு இசை. கடைசியில் பிடிபடுகிறான். விளக்கு அணைகிறது. முற்றம் முழுக்கச் சிரித்தது.

என்னைக் கண்டதும் அப்பா கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் இருத்தினார்.

"இரு, இரு. நல்ல பகிடிப் படம். இந்த இடத்தைத் திருப்பிப் போடச் சொல்லிக் கேட்டிருக்கினம், பார்."

திருப்பிப் போட்டார்கள். அப்பா மறுபடியும் சிரித்தார். அவருடைய தோள் என் தோளில் இடித்து இடித்துக் குலுங்கியது. நான் தயார் பண்ணிக்கொண்டு வந்த வசனத்தை விழுங்கிவிட்டேன்.

அப்பா கெட்டவரில்லை. அந்த வசனத்தை அன்றைக்குச் சொல்லியிருந்தால் கத்தியை எடுத்துக்கொண்டு நல்லூருக்குப் போயிருப்பார் என்றுதான் இன்றைக்கும் நம்ப விரும்புகிறேன். ஆனால் அதை அறிந்துகொள்ளும் சந்தர்ப்பத்தை அந்தப் படம் எனக்குத் தரவில்லை. எங்கோ இருந்த யாரோ ஒருவர் பொழுதுபோக்காக எடுத்த ஒரு காட்சி, அந்த முற்றத்தில் எனக்கும் என் அப்பாவுக்கும் நடுவில் வந்து குந்திக்கொண்டது. அப்பா போய்ப் பல வருடம். அது எழும்பவேயில்லை.

படம்தானே, பகிடிதானே, அதை ஏன் பெரிதுபடுத்துகிறீர்கள் என்று கேட்கிற புத்திசாலிகள் இருக்கிறார்கள். அவர்களுடன் நான் விவாதிப்பதில்லை. அவர்களில் யாரும் கோப்பாய்ச் சந்தியில் வசனத்தை வெட்டிக் குறைத்தவர்கள் இல்லை.

மேடையில்

என் பெயரைக் கூப்பிட்டார்கள். மூன்றாவது வரிசையில் என் மனைவியும் மகளும் இருந்தார்கள். இருவருக்கும் ஒன்றும் தெரியாது. மனைவி புதுச்சேலை கட்டியிருந்தாள். நான் மேடையில் பேசும் நாட்களில் அவளுக்குக் கொஞ்சம் பெருமை.

இனிப்பாக நாலு வார்த்தை சொல்லிவிட்டு இறங்கியிருக்கலாம். ஒளிப்பதிவு நன்று, பொடியள் நன்றாக நடித்திருக்கிறார்கள், சிற்சில எழுத்துப் பிழைகள். அப்படித்தான் தொடங்கவும் போனேன். ஒலிவாங்கிக்கு முன்னால் நின்று பார்த்தபோது, எல்லோர் முகத்திலும் அந்தச் சிரிப்பின் மிச்சம் இன்னும் இருந்தது. அது என்னை எரித்துவிட்டது.

"நயப்புரை என்றால் ஒரு படைப்பில் எது சுவையாக இருக்கிறது, ஏன் சுவையாக இருக்கிறது என்று எடுத்துச் சொல்வது" என்று தொடங்கினேன். "இந்தப் படத்தில் உங்களுக்கு மிகவும் பிடித்த இடம் எது என்று நான் கேட்கத் தேவையில்லை. அந்த ஒரு பகிடியைப் பற்றி மட்டும் பேசுகிறேன்."

சனம் புன்னகைத்தது. தலைவர் தலையாட்டினார்.

"றோணியோ மை காய்வதற்கு நேரமெடுக்கும். அதனால் அந்த அறைக்குள் போய்வந்த பொடியனை மற்றவர்கள் கையை வைத்தே கண்டுபிடித்துவிடுவார்கள். அறைக்குள் என்ன நடந்தது என்று அவர்கள் கேட்கமாட்டார்கள். கேட்க வேண்டிய தேவையில்லை, அவர்களும் போய்வந்தவர்கள்தான். யாரிடமாவது போய்ச் சொல்லவும் அவர்களுக்குச் சொல் இல்லை. அதனால் மை காய்ந்துவிட்டதா என்று கேட்பார்கள். பகிடியின் பொருள் அவ்வளவுதான். என்னிடமும் கேட்டிருக்கிறார்கள். நானும் அந்த அறைக்குள் போனவன்."

பின்னால் ஒருவர் சிரித்தார். பகிடியின் அடுத்த பகுதி இது என்று நினைத்திருக்க வேண்டும். பிறகு அவரும் நிறுத்திவிட்டார்.

தலைவர் ஒரு துண்டை என் முன்னால் வைத்தார். "நேரம் கருதிச் சுருக்கவும்." நேரம் அப்போது பதினொன்றுகூட ஆகவில்லை. துண்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

"அந்தப் பொடியனின் இடத்தில் ஒரு பெண்பிள்ளையை வைத்து, கதவைச் சாத்தி, கெட்டிமேளம் கொட்டியிருந்தால் நீங்கள் சிரித்திருப்பீர்களா? இந்த மண்டபத்தில் ஒரு கதிரையாவது முழுதாக மிஞ்சியிருக்குமா? பொடியன் என்றால் மட்டும் ஏன் சிரிப்பு வருகிறது? அவனுக்கு நோகாது என்று உங்களுக்கு யார் சொன்னது?"

நான் குகனைப் பார்த்தேன்.

"குகன், வெள்ளிக்கிழமைக்கு முதல் அந்தக் காட்சியை எடுத்துவிடு. இன்றைக்கும் எங்கேயோ ஒரு பொடியன் அப்பாவிடம் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்க்கொண்டிருப்பான். அவன் போகிற நேரத்தில் அந்த வீட்டில் உன்னுடைய படம் ஓடிக்கொண்டிருக்கக் கூடாது."

கைதட்டல் இல்லை. ஆனாலும் பேசியவருக்குப் பொன்னாடை போர்த்த வேண்டும் என்பது வழக்கம். வாங்கியும் வைத்துவிட்டார்கள். தலைவர் என் முகத்தைப் பார்க்காமல் போர்த்திவிட்டார். மாஸ்ரரின் படத்துக்கு முன்னால் அதைப் போர்த்திக்கொண்டு நின்றேன்.

ஏற்புரை

அடுத்தது ஏற்புரை. குகன் மேடையேறினான். வந்தவர்களுக்கு நன்றி சொன்னான், நடித்த பொடியளுக்கு நன்றி சொன்னான். கொஞ்ச நேரம் ஒலிவாங்கியைத் தடவிக்கொண்டு நின்றான். என்ன சொல்லப்போகிறான் என்று எல்லோரும் பார்த்தார்கள். நானும் பார்த்தேன்.

"என்ரை கூட்டாளிக்கு இன்னும் மை காயேல்லைப் போல கிடக்கு" என்றான்.

மண்டபம் இடிந்து விழுந்ததுபோலச் சிரித்தது. முதலில் சிரித்ததைவிடப் பலமாகச் சிரித்தார்கள். அவர்களுக்கு மூச்சுவிட ஒரு வழி கிடைத்துவிட்டது. நான் சொன்னதெல்லாம் அந்த ஒரு சிரிப்பில் கரைந்து போனது. என் மகள் மட்டும் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள்.

மேடையை விட்டு இறங்கிய குகன் நேரே பின்பக்கமாகப் போனான்.

தேநீரும் கட்லற்றும் கொடுத்தார்கள். என்னைச் சுற்றி ஒரு வட்டம் வெறுமையாக இருந்தது. ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர் மட்டும் கிட்ட வந்தார்.

"தம்பி, செத்த மனிசனைப் பற்றி இப்பிடிக் கதைக்கலாமே? எத்தினை பேரை எஞ்சினியர் ஆக்கினவர்."

"ஓம் சேர். ஆக்கினவர்தான்" என்றேன்.

தண்ணீர்க் குழாயடியில்

குகன் மண்டபத்தின் பின்னால் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டு நின்றான். என்னைக் கண்டதும் நிமிர்ந்தான். தண்ணீர் சட்டைக் கழுத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

"ஏன்ரா இதைச் சனத்துக்கு முன்னாலை சொன்னனி? மனிசி பிள்ளையளும் இருக்கினம்."

"நீ படமாக் காட்டினனி. நான் வாயாலை சொன்னன்."

"நான் பகிடியா எடுத்தனான்."

"உனக்கு அது பகிடியா இருந்ததோ?"

அவன் குழாயைப் பூட்டினான். பூட்டிய பிறகும் அது சொட்டிக்கொண்டிருந்தது.

"எனக்கு நடந்ததை நான் எப்பிடியும் சொல்லுவன், மச்சான். அழுதுதான் சொல்லோணும் எண்டு சட்டமே? உனக்கு எழுத்து இருக்கு, எழுதிறாய். எனக்குப் பகிடிதான் இருக்கு."

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. அவனுக்கு நடந்தது அவனுடையதுதான்.

"நீ உன்னைப் பாத்துச் சிரி. நான் வேண்டாம் எண்டு சொல்லேல்லை" என்றேன். "கெட்டிமேளத்தை ஏன்ரா போட்டனி? அது ஆருக்கு அடிச்சது? பொடியனுக்கோ? மாஸ்ரருக்கடா. சனம் சிரிச்சது அவரோடை சேர்ந்து. உன்னைப் பாத்து."

அவன் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தான். நீண்ட நேரம் துடைத்தான்.

"நீ கொப்பருக்குச் சொன்னனியோ?" என்று கேட்டான்.

நாற்பது வருடத்தில் இப்போதுதான் முதல் தடவையாகக் கேட்டான்.

"இல்லை."

"நான் சொன்னனான்."

நான் அவனைப் பார்த்தேன். அவன் மதிலைப் பார்த்துக்கொண்டு கதைத்தான்.

"சனிக்கிழமை ஊருக்குப் போனனான். அப்பா கரையிலை வள்ளத்துக்குத் தார் பூசிக்கொண்டு நிண்டவர். இன்னும் மூண்டு நாலு பேர் கூட நிண்டவை. நான் அப்பாவைத் தனியக் கூப்பிட்டுச் சொன்னன். மாஸ்ரர் பிழையாத் தொடுறார், நான் இனிப் போகமாட்டன் எண்டு. அவ்வளவும் சொன்னன், மச்சான். ஒண்டும் ஒளிக்கேல்லை."

"அவர் என்ன சொன்னவர்?"

"சிரிச்சவர். நீ என்ன பொம்பிளைப் பிள்ளையே, ஆம்பிளைப் பிள்ளைக்கு என்னடா வந்திடப்போகுது எண்டு கேட்டார். கேட்டிட்டு, அங்கை நிண்ட ஆக்களைக் கூப்பிட்டு அவையளுக்கும் சொன்னார். எல்லாரும் சிரிச்சினம். ஒராள் எனக்குக் கெட்டிமேளம் மாதிரி வாயாலை அடிச்சுக் காட்டினவர்."

கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தான்.

"நானும் சிரிச்சன். அண்டையிலை இருந்து சிரிச்சுக்கொண்டுதான் இருக்கிறன்."

எனக்கு அவன் மேல் இருந்த கோபம் போகவில்லை. சற்று முன் மேடையில் என்னை விற்றவன் அவன். ஆனால் அந்தக் கோபத்தை அவன் மேல் முழுதாக வைக்கவும் முடியவில்லை. மதிலோரம் நின்றது பெரிய மனிதன் ஒருவன்தான், கனடாவில் சொந்த வீடு, நரைத்த மீசை. அவன் குரல் மட்டும் சனிக்கிழமை ஊருக்குப் போன பொடியனுடையது.

"காட்சியை எடுத்துவிடுவியோ?" என்று மறுபடியும் கேட்டேன்.

"பாப்பம்" என்றான்.

வெள்ளிக்கிழமை

ஓட்டோவில் வீட்டுக்குப் போகும்போது மனைவி இருபாலை வரைக்கும் வீதியைப் பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு, ஓட்டோக்காரருக்குக் கேட்காதபடி மெதுவாக, "நாளைக்கு ஆக்கள் கேட்டால் நான் என்னெண்டு சொல்லிறது?" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. அவளில் பிழையில்லை. இதற்கு என்ன சொல்வது என்று இந்த ஊரில் ஒரு பெண்ணுக்கும் யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. வீட்டு வாசலில் இறங்கும்போது என் தோளில் இருந்த பொன்னாடையை அவளே எடுத்து மடித்தாள். கையைப் பிடித்தாள்.

அந்தக் கிழமை எங்கள் பக்கத்தில் இரண்டு ரியூசன் பொடியள் சைக்கிளில் போகும்போது "மை காஞ்சிட்டுதோ?" என்று ஒருவனை ஒருவன் கேட்டுச் சிரித்துக்கொண்டு போனார்கள். மண்டபத்தில் யாரோ படம்பிடித்த வீடியோத் துண்டு ஏற்கெனவே கைத்தொலைபேசிகளில் உலாவத் தொடங்கிவிட்டது. வேலியைப் பிடித்துக்கொண்டு அவர்கள் முடக்குத் திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

குகன் புதன்கிழமையே கனடா போய்விட்டான். போகும்போது சொல்லிவிட்டுப் போகவில்லை.

வெள்ளிக்கிழமை பின்னேரம் மகள் தன் கைத்தொலைபேசியை எடுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் இருந்தாள். "அப்பா, படம் வந்திட்டுது. பாப்பமோ?" என்றாள். நான் பாக்கமாட்டன் என்றேன். அவள் போகவில்லை. பிறகு இருவருமாகப் பார்த்தோம்.

தொடக்கத்தில் இருந்த சமர்ப்பணம் இல்லை. மாஸ்ரரின் படமும் இல்லை. ஆனால் அந்தக் காட்சி இருந்தது. எடுக்கவில்லை.

மாஸ்ரராக நடித்தவர் பின் வாங்கைப் பார்க்கிறார். பொடியனைக் கூப்பிடுகிறார். பொடியன் எழும்பிப் போகிறான். கதவு சாத்தப்படுகிறது. கெட்டிமேளம் வரவில்லை. ஒரு சத்தமும் வரவில்லை. மகள் ஒலியைக் கூட்டிப் பார்த்தாள். அப்போதும் இல்லை. சாத்திய கதவை மட்டும் காட்டிக்கொண்டிருந்தது. மண்டபத்தில் பார்த்ததைவிட நீளமாக, மிக நீளமாக. பிறகு கதவு திறந்து பொடியன் வந்தான். கூட்டாளிமார் வாயசைத்தார்கள். அவர்கள் கேட்ட கேள்வி காதில் விழவில்லை. சிரிப்பது மட்டும் தெரிந்தது.

மகள் என் தோளில் தலையை வைத்துக்கொண்டாள். படத்தின் மிச்சத்தை நாங்கள் பார்க்கவில்லை.

கீழே கருத்துகள் வரத் தொடங்கியிருந்தன. கண்ணீர் வரச் சிரிக்கிற மஞ்சள் முகங்கள் வரிசையாக இருந்தன. அவற்றுக்கு நடுவில் ஒருவர் அக்கறையாக எழுதியிருந்ததை மகள் வாசித்தாள்.

"படம் நல்லாயிருக்கு அண்ணை, வயிறு நோகச் சிரிச்சம். றோணியோ இடத்திலை மட்டும் சவுண்ட் விட்டிட்டுது. அதைத் திருத்திப் போடுங்கோ."